எண்ணெய் வர்ணத்துல ஈரத்து மேல ஈரம்: செங்காந்தள் போட்டா சாணிக் கலர் வருதுங்க, எங்க தப்பு?

மூலனூர்க்காரி | ஞாயிறு ராத்திரி 9:40

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பொறந்தது மூலனூர் பக்கம், வேலை திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில. அக்ரிலிக் நாலு வருசமா போடறேன், ஆயில் கலர் எடுத்து ரெண்டு மாசந்தான் ஆச்சு. ஊருக்குப் போயிருந்தப்ப காடு பூரா கண்வலிப்பூ பூத்துக் கெடந்துது (செங்காந்தள்தானுங்க, எங்கூர்ல விதைக்காக வெள்ளாமை வெக்கறதால கண்வலின்னே சொல்லிப் பழகிப்போச்சு), சரி இதையே வெட் ஆன் வெட்ல ஒரே உக்காருல முடிச்சரலாம்னு கேன்வாஸ தூக்கிட்டு திண்ணைல உக்காந்தேன்.

மொதல்ல பின்னாடி பூரா பச்சை. சாப் கிரீன்ல கொஞ்சம் கருப்பு, எண்ணெய நல்லா ஊத்தி மொழுகியாச்சு. அது ஈரமா இருக்கறப்பவே இதழுக்கு மஞ்சள் போட்டேன், பச்சையாயிருச்சு. போச்சாதுன்னு அதும்மேல செவப்பு போட்டேன், ரெண்டே இழுப்புல சாணிங்க. நெசமாவே கட்டுத்தரைச் சாணி. தொடைச்சுட்டு மறுக்கா போட்டா இன்னும் மோசம். எங்க அம்மிச்சி எட்டிப் பாத்துட்டு "ஏஞ்சாமி, கருவாடா வரையற"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

வீடியோல எல்லாம் ஈரத்து மேல ஈரம் போட்டு பளிச்சுனு பூ வரவெக்கறாங்களே, எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி?

பொள்ளாச்சி_இளநீ | ஞாயிறு ராத்திரி 9:52

படத்தப் பாத்தனுங்க. கருவாடு நல்லாத்தான் வந்திருக்குது, நெத்திலி மாதிரி தெரியுது. எதுக்குங்க பூவ வம்புக்கு இழுக்கறீங்க.

கோபி_வாய்க்கா | ஞாயிறு ராத்திரி 10:15

அம்மணி வெசனப்படாதீங்க, எல்லாரும் சாணியிலதான் ஆரம்பிச்சோம். நான் அமெரிக்க டிவில வரைஞ்சு காட்டின பாப் ராஸப் பாத்துக் கத்துக்கிட்டவ. அவரு புரோகிராம் 1983ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும் 403 எபிசோடு, கோபில மழைக்காலத்துல கரண்ட் இருக்கற நேரமெல்லாம் அதைத்தான் ஓட்டிக்கிட்டிருப்பேன், வீட்டுக்காரர் "இந்த சுருட்டமுடிக்காரர் வாடகை குடுப்பாரா"ன்னு கேப்பாரு. அவரு திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அடியில கெட்டிப் பெயிண்ட், மேல எளக்கமான பெயிண்ட். கெட்டி மேல தண்ணியாட்டம் இருக்கறதுதான் ஒட்டும், எளக்கத்து மேல கெட்டிய வெச்சு இழுத்தா அடியில இருக்கறது பூரா பிரஷ்ஷுல ஏறிக்கும். நீங்க அடிப்பச்சையில எண்ணெய ஊத்தினேன்னு சொல்றீங்க, அங்கதானுங்க வழுக்கி விழுந்திருக்கீங்க. மேல போடற மஞ்சளைத்தான் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு எளக்கிக்கோணும்.

வடவள்ளி_டிராயிங் | ஞாயிறு ராத்திரி 11:05

நான் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், சொன்னா கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

கோபி அம்மா சொன்னது பாப் ராஸ் முறைக்குச் சரி. ஆனா அதையே எல்லாத்துக்கும் சட்டமாக்கிறக் கூடாது. ஐரோப்பாவுல ஈரத்து மேல ஈரம் போடறத 'அல்லா ப்ரிமா'ன்னு சொல்லுவாங்க, இத்தாலி வார்த்தை, மொதல் முயற்சியிலயேங்கற அர்த்தம். அந்த வழியில போறவங்க நேர்மாறாப் பண்ணுவாங்க. அடியில டர்பண்டைன்ல கரைச்ச மெல்லிசான கறை, கேன்வாஸோட நெசவு தெரியற அளவுக்குத் தேய்ச்சு விட்டிருப்பாங்க. மேல வர வர பெயிண்ட் தடிக்கும், கடைசில வெக்கற வெளிச்சந்தான் எல்லாத்துலயும் கெட்டி. பிரெஞ்சு ஓவியர் மானே சாகறதுக்கு முன்னாடி 1882, 83ல உடம்பு முடியாம உக்காந்தபடியே கண்ணாடித் தம்ளர்ல வெச்ச பூவா சின்னச் சின்னதா வரைஞ்சாரு, அதெல்லாம் பெரிசாக்கிப் பாருங்க, ஒரு இதழுக்கு ரெண்டு மூணு தீற்றலுக்கு மேல இருக்காது.

இப்ப சாணிக்கு வருவோம். சிவப்பும் பச்சையும் ஒண்ணுக்கொண்ணு எதிர் நிறம், கலந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு பழுப்பாத்தான் போகும். அதுல கருப்பு வேற போட்டிருக்கீங்க. மத்த பூவா இருந்தா, ரோஸ் மஞ்சள் சாமந்தின்னு, கொஞ்சம் அடிப்பச்சை ஏறினாலும் நிழலாட்டம் தப்பிச்சுக்கும். செங்காந்தளுக்கு அந்தப் பேச்சே இல்ல. இருக்கற பூவுலயே கஷ்டமானத எடுத்துட்டு உக்காந்திருக்கீங்க.

கோபி_வாய்க்கா | திங்கள் காலை 7:20

மாஸ்டர் ஐயா, அப்ப நான் சொன்னது தப்புங்களா? பதினோரு வருசம் அப்படித்தானுங்க போட்டுட்டிருக்கேன், ஒண்ணும் சாணியாகலையே.

வடவள்ளி_டிராயிங் | திங்கள் காலை 8:02

தப்புன்னு எங்கம்மா சொன்னேன். ரெண்டு வழிக்கும் நோக்கம் ஒண்ணுதான், அடியில இருக்கறது மேல வர்ற பிரஷ்ஷுல ஏறக் கூடாது. உங்க வழியில அடிப்பெயிண்ட் அவ்வளவு விறைப்பா இருக்கறதால நகராது. என்னோட வழியில அடியில நகர்றதுக்குப் பெயிண்டே கெடையாது, கறை மட்டுந்தான். மூலனூர்ப் பொண்ணு மொழுகினது ரெண்டுக்கும் நடுவுல, தடியாவும் இருக்கு எண்ணெயாவும் இருக்கு, அது வழுக்கத்தான் செய்யும். பாப் ராஸ் மொதல்ல கேன்வாஸ் பூரா தடவற லிக்விட் வொய்ட்டுங்கற எளக்கமான வெள்ளையும் அவரு கண்டுபிடிச்சதில்ல, அவருக்குக் கத்துக்குடுத்த பில் அலெக்சாண்டர்ங்கற ஜெர்மன்காரர் மேஜிக் வொய்ட்டுன்னு பேர் வெச்சு வித்துக்கிட்டிருந்தது. அதையும் ரொம்ப மெல்லிசாத்தான் தடவுவாங்க, விரலை வெச்சா ரேகை மட்டும் தெரியோணும்.

ஏற்கனவே மொழுகினதக் காப்பாத்தோணும்னா பழைய நியூஸ் பேப்பர ஈரப் பெயிண்ட் மேல வெச்சு உள்ளங்கையால அமுத்தி அப்படியே உரிச்செடுங்க. எச்சா இருக்கற எண்ணெயும் பெயிண்டும் பேப்பர்ல வந்துரும், நிறம் மட்டும் கேன்வாஸ்ல நிக்கும். லண்டன்ல ஸ்லேடு ஆர்ட் ஸ்கூல்ல ஹென்றி டோங்க்ஸ்னு ஒரு வாத்தியார் இருந்தார், அவர் பேர வெச்சே இதுக்கு டோங்கிங்னு பேர். நான் கிளாஸ்ல சொன்னா பசங்க டங்குவார்னு சொல்லிச் சிரிப்பானுக.

மூலனூர்க்காரி | திங்கள் மத்தியானம் 1:30

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. சாப்பாட்டு நேரத்துல டைப் பண்றேன். பேப்பர் வெச்சு உரிக்கறது இந்தப் படத்துக்கு ஆகுங்களா? வரைஞ்சு பதினஞ்சு நாளாச்சு, இன்னும் தொட்டா கையில பச்சை ஒட்டுதுங்க. ஆயில் பெயிண்ட் காய லேட்டாகும்னு தெரியும், இவ்வளவு நாளா?

வடவள்ளி_டிராயிங் | திங்கள் மத்தியானம் 1:44

பதினஞ்சு நாளா? இந்தக் காத்துக்கு ஒரு வாரத்துல தொட்டா ஒட்டாம இருக்கோணுமே. என்ன எண்ணெய் ஊத்தினீங்க?

மூலனூர்க்காரி | திங்கள் மத்தியானம் 1:51

லின்சீட் ஆயில் பாட்டில் திருப்பூர்ல ரூம்லயே விட்டுட்டுப் போயிட்டனுங்க. ஊருல கடை ஏதுங்க. வீட்டுல காங்கயத்துல இருந்து வாங்கிட்டு வந்த செக்குத் தேங்காண்ணெய் இருந்துது, எண்ணெய்தானேன்னு...

பொள்ளாச்சி_இளநீ | திங்கள் மத்தியானம் 1:53

இப்பத்தானுங்க வெளங்குது. அது படமில்ல, தாளிப்பு.

வடவள்ளி_டிராயிங் | திங்கள் மத்தியானம் 2:20

அடக் கடவுளே. அந்தக் கேன்வாஸ் இந்த ஜென்மத்துல காயாது தாயி.

ஆயில் பெயிண்ட் தண்ணி ஆவியாகிக் காயற மாதிரி காயறதில்ல. லின்சீடுங்கற ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து இறுகி, ஒரு தோலா மாறுது. எல்லா எண்ணெயும் அப்படி மாறாது. அயோடின் நம்பர்னு ஒரு கணக்கு இருக்குது, ஆளிவிதைக்கு சுமார் 170ல இருந்து 200, தேங்காண்ணெய்க்கு பத்தைத் தாண்டறதே பெரிசு. நம்பர் ஏற ஏற இறுகும், கொறைஞ்சா அப்படியே எண்ணெயாவே கெடக்கும். மார்கழிக் குளுருல உறைஞ்சு காஞ்ச மாதிரி நடிக்கும், தை வெயிலுக்கு மறுக்கா எளகும். வெளக்கெண்ணெயும் கடலெண்ணெயும் இதுக்கு ஆகாது. சுரண்டிட்டு டர்பண்டைன்ல தொடைச்சுருங்க, அதும்மேல புதுசா வரையாதீங்க. பிரஷ் கழுவறதுக்கு வேணும்னா தேங்காண்ணெய் ஒசத்தி, ஆனா கடைசியா சோப்புப் போட்டு அத முழுசா எடுத்துரோணும்.

கோபி_வாய்க்கா | திங்கள் சாயந்திரம் 4:10

ஹார்டுவேர் கடையில கதவுக்கு அடிக்க விக்கற டபுள் பாயில்டு லின்சீடும் வேண்டாமுங்க. சீக்கிரம் காயுமே தவிர மஞ்சளடிச்சுரும். நான் ஒரு மல்லிப்பூப் படத்துல அதை ஊத்திட்டு, வெள்ளை பூரா பழைய பல்லு கலராயிருச்சு.

சங்ககிரி_பாடி | திங்கள் ராத்திரி 8:35

வணக்கம். நான் இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதினதில்ல. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கறேன், முப்பது வருசத்துக்கு மேலாச்சு. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்னு எல்லா பட்டறையிலயும் கை வெச்சிருக்கேன். நமக்கு எனாமல்தான், உங்க டியூப் கலர் நான் தொட்டதில்ல. ஆனா ஈரத்துல ஈரம்னா எங்க தொழிலே அதுதானுங்களே. கேபினுக்கு மேல ரோஜாவும் தாமரையும் போடறமே, அதுக்கு ரெண்டு தரம் காயவெச்சு அடிக்க ஓனர் வுடுவாரா? வண்டி நாளைக்கு லோடுக்குப் போகோணும்.

அம்மணிக்கு ஒண்ணு கேக்கறேன். மஞ்சளைத் தனியா போட்டு செவப்பத் தனியா போட்டு அப்புறம் ரெண்டையும் பிரஷ்ஷால நீவி நீவி ஒண்ணாக்கினீங்களா? அதுதான் தப்பு. நாங்க பட்டைப் பிரஷ்ஷுல ஒரு ஓரத்துல செவப்பு, மறு ஓரத்துல மஞ்சள் ரெண்டையும் ஒட்டுக்கா எடுத்துக்குவோம். பலகை மேல ரெண்டு தரம் முன்ன பின்ன இழுத்தா நடுவுல தானா ஆரஞ்சு புடிக்கும். அப்புறம் வெச்சு, அமுத்தி, மணிக்கட்டத் திருப்பி, எடுத்தர்றது. ஒரு இதழுக்கு ஒரே இழுப்பு. எடுத்த பொறகு அதும்மேல கை போகக் கூடாது, கோணையா வந்தாலும் அப்படியே வுட்டுரோணும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு ரெண்டாந்தரம் நீவினா பிரஷ் காம்புலயே விரல் கணுவுல ஒண்ணு போடுவாரு. எனாமல் சித்த நேரத்துல இழுத்துப் புடிச்சுக்கும், அதனால கை தானா பயந்து நின்னுரும். உங்க ஆயில்ல ரெண்டு நாளைக்கு ஈரம் இருக்குதுன்னு சொல்றாங்க, அந்த நேரம் இருக்கறதாலதான் கை சும்மா இருக்க மாட்டீங்குது.

ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷத் தொடைங்க. கழுவ வேண்டாம், தொடைச்சாப் போதும். திருப்பூர்ல இருந்துட்டு துணிக்கு என்ன பஞ்சம், பனியன் வேஸ்ட்டு கிலோக் கணக்குல கெடைக்குமே, எங்க பட்டறைக்கே அங்கிருந்துதான் மூட்டை வருது.

வடவள்ளி_டிராயிங் | திங்கள் ராத்திரி 9:12

ஐயா, நான் சொல்ல வந்து நீட்டி முழக்கினத நீங்க ஒரே இழுப்புல போட்டுட்டீங்க. நான் காலேஜ்ல படிச்சப்ப கலர் சக்கரத்த வெச்சே ஒரு வருசம் ஓட்டினாங்க, இந்த ரெண்டு ஓரம் விசயத்த ஒருத்தரும் கையில காட்டல.

பனியன் வேஸ்ட்டுன்னதும் ஞாபகம் வருது. லின்சீட் நனைஞ்ச துணியக் கசக்கி சுருட்டி மூலையில போட்டுறாதீங்க. அந்த எண்ணெய் இறுகறப்ப சூடு கெளம்பும், சுருட்டின துணிக்குள்ள சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணி ஊத்தின தகர டப்பாவுல போடுங்க.

பல்லடம்_தறி | செவ்வாய் காலை 6:50

அக்கா, நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் படிக்கறேன். நானும் ஆயில் போடறேன், ஆனா என்ற பிரச்சனை வேற. வீட்டுக்கு ஒட்டுன மாதிரி தறிக்கொட்டாய், எட்டுத் தறி ஓடுது. ஈரப் படத்த வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா இதழ் மேல பூரா பஞ்சு. ஒருக்கா வெள்ளை அரளி வரைஞ்சேன், காலைல பாத்தா பூனைக்குட்டியாட்டம் மசமசன்னு இருக்குது. ஆடிக் காத்துல புழுதி வேற. இப்ப ஒரு அட்டைப் பொட்டிய கவுத்து வெச்சர்றேன், அதுவும் சுவத்தப் பாத்தாப்பல சாய்ச்சு.

கேன்வாஸுக்கு காசு குடுக்காதீங்க அக்கா. கெட்டி காடாத்துணியே போதும், கட்டைச் சட்டத்துல இழுத்து அடிச்சு, மொதல்ல பெவிகால தண்ணியில கரைச்சு ஒரு பூச்சு, காஞ்ச பொறகு ஜெஸ்ஸோங்கற வெள்ளை அடிப்பூச்சு ரெண்டு தரம், நடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்க்கோணும், இல்லைன்னா நூல் முடிச்சு இதழுக்கு நடுவுல மரு மாதிரி தெரியும். பூச்சு இல்லாம நேராத் துணியில எண்ணெய் பட்டா நாளடைவுல துணி மக்கிப்போயிரும், அதையும் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மூலனூர்க்காரி | செவ்வாய் ராத்திரி 10:30

எல்லாரும் சொன்னத நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். லாரிக்கார அண்ணா, நீங்க கேட்டது நூத்துக்கு நூறு நெசமுங்ணா, நீவினேன். அக்ரிலிக்ல நீவறதுக்கு நேரமே கெடைக்காதுங்களா, ஆயில்ல கெடைச்சதும் நீவிக்கிட்டே இருந்துட்டேன்.

ஒரு சந்தேகம். இந்தப் பூவுல மஞ்சள் அடியில, செவப்பு நுனியில, ஓரம் பூரா அலையலையா மஞ்சக் கோடு. அந்த நெளிவ ஒரே இழுப்புல எப்படிங்ணா கொண்டு வர்றது? இன்னொண்ணு, மொத நாளு பச்சையும் மஞ்சளுமா இருக்கறது அப்புறம் செவப்பு ஏறி கடைசில முழுச் செவப்பா ஆயிருது, ஒரே கொடியில நாலு கலர்ல பூ இருக்குது, எதப் பாத்து வரையறது?

சங்ககிரி_பாடி | புதன் ராத்திரி 8:15

நெளிவுக்கு பிரஷ்ஷ நட்டமா புடிச்சுக்குங்க அம்மணி. செவப்பு நடு நரம்புப் பக்கம், மஞ்சள் வெளி ஓரம். அடியில இருந்து கெளம்பி மேல போகப் போக கைய லேசா நடுக்கோணும், கோலப்பொடி விடறப்ப வளைக்கறமே அந்த மாதிரி, நுனியில ஒல்லியாக்கி எடுத்தர்றது. அப்படியே இன்னொரு பாதிக்கு பிரஷ்ஷத் திருப்பிப் புடிச்சு இன்னொரு இழுப்பு. ஒரு இதழுக்கு ரெண்டு இழுப்பாப் போகுது, பரவால்ல. பேப்பர்ல ஐம்பது போட்டுப் பாத்துட்டு கேன்வாஸுக்குப் போங்க. நான் இந்தப் பூவ வண்டியில போட்டதில்ல, யாரும் கேட்டதில்ல. இட்டேரி வேலியில ஏறிக் கெடக்கறதப் பாத்திருக்கேன்.

வடவள்ளி_டிராயிங் | புதன் ராத்திரி 9:00

எந்தப் பூவ வரையறதுன்னா, முழுச் செவப்பா மாறினத விட்டுருங்க. பாதி மஞ்சள் பாதி செவப்பா நிக்கற பூவுலதான் ரெண்டு நிறப் பிரஷ்ஷுக்கு வேலை இருக்குது. பறிச்சு ரூமுக்கு எடுத்துட்டுப் போகாம கொடியிலயே பாத்து வரைங்க. வான்கா 1888 ஆகஸ்ட்டுல ஆர்ல்ஸ்ல சூரியகாந்தி வரைஞ்சப்ப, பூ சீக்கிரம் வாடுது, ஒரே மூச்சுல முடிச்சாகோணும்னு விடியக்காலைல இருந்தே உக்காந்ததா தம்பிக்கு எழுதியிருக்கார்.

சிவப்ப வெளிச்சமாக்க வெள்ளைய சேர்க்காதீங்க, ரோஸாப் போயிரும், மஞ்சளைச் சேருங்க. நிழலுக்குக் கருப்பு வேண்டாம், அலிசரின் கிரிம்சன்ங்கற கருஞ்சிவப்பு போதும். பச்சைய பூ வர்ற எடத்துல போடவே போடாதீங்க, பூவோட உருவத்த வெறுங்கேன்வாஸா விட்டுட்டு சுத்தி மட்டும் மெல்லிசாத் தேய்ங்க. பூ முடிச்ச பொறவு ஓரத்துல கொஞ்சம் பச்சைய உள்ள இழுத்துக் குடுத்தா ஒட்டவெச்ச மாதிரி தெரியாது. அப்புறம் தலைகீழா தொங்கற பூ இது, இதழ் ஆறும் மேல பாத்து தீ மாதிரி நிக்கும், மகரந்தம் தாங்கற கேசரம் ஆறும் ஆரக்கால் மாதிரி சுத்தி நீட்டிக்கிட்டு இருக்கும், சூல்தண்டு பொசுக்குனு ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அந்த மடிப்ப விட்டுட்டா அது வேற ஏதோ பூ.

கோபி_வாய்க்கா | வியாழன் காலை 7:45

கேசரம் போடறப்பத்தான் அம்மணி என்னோட பாப் ராஸ் சட்டம் வேலைக்கு வரும் :) அடியில இதழ் கெட்டியா இருக்குது, மேல மெல்லிசுக் கோடு, பெயிண்ட மை மாதிரி எளக்கிக்கிட்டு ரிகர்னு சொல்ற நீளமுடி ஒல்லிப் பிரஷ்ஷுல ஒரே இழுப்பு. எளக்கறதுக்கு லின்சீடு, காங்கயம் இல்ல.

மூலனூர்க்காரி | ஞாயிறு ராத்திரி 9:20

ஊருக்குப் போயிட்டு வந்தேன். காலைல ஏழு மணிக்கே காட்டுக்குப் போயிட்டேன், ஆளுக பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வெக்கறதுக்கு முன்னாடி எடம் புடிக்கோணுமே. இந்தப் பூவுக்கு நாங்க கையாலதான் மகரந்தம் சேப்போம், இல்லைன்னா காய் சரியாப் புடிக்காது. பெரியம்மா ஒரு பக்கம் பூ பூவாத் தொட்டுக்கிட்டு வர்றாங்க, நான் ஒரு பக்கம் பிரஷ்ஷத் தொட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், "உனக்காச்சும் காய் புடிக்குமா கண்ணு"ன்னு கேட்டுட்டுப் போறாங்க.

பேப்பர்ல ஐம்பது போடலைங்ணா, முப்பதோட பொறுமை போயிருச்சு. கேன்வாஸ்ல மொத இதழ் கோணை, ரெண்டாவது நல்லா வந்துது, மூணாவதுல கை அரிச்சு நீவிட்டேன், அது மட்டும் ஆரஞ்சுக் கூழாட்டம் நிக்குது. சுரண்டிட்டு மறுக்கா போடலாம்னு கத்திய எடுத்துட்டு, வெச்சுட்டேன். நாலு அஞ்சு ஆறு சரியா வந்துது, ஆறாவது இதழ்ல ஓரத்து மஞ்சள் தானா நெளிஞ்சு நுனியில செவப்போட கலந்து நின்னுது பாருங்க, அத நான் போட்டேன்னு எனக்கே நம்பிக்கை வரல. கேசரத்துல ரெண்டு தடிச்சுப் போச்சு. சூல்தண்டு மடிப்ப மறக்கலைங்க ஐயா. பொறவு கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வெச்சேன், பெயிண்டு ஒரு பக்கம்னா இந்தச் செடியே கிழங்குல இருந்து விதை வரைக்கும் வெசம்.

படம் போட்டிருக்கேன். அம்மிச்சிகிட்டக் காட்டினேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு சித்த நேரம் பாத்துட்டு "மூணாவது எதழுல நோவு புடிச்சிருக்குது, மருந்தடிக்கச் சொல்லு"ன்னாங்க.

பொள்ளாச்சி_இளநீ | ஞாயிறு ராத்திரி 9:31

கருவாட்டுல இருந்து வெள்ளாமைக்கு வந்தாச்சு. ஏக்கருக்கு எவ்வளவுங்க வெதை வரும்?

சங்ககிரி_பாடி | ஞாயிறு ராத்திரி 10:05

ஆறாவது இதழ் நல்லா இருக்குது அம்மணி. மூணாவத தொட்டுறாதீங்க, அப்படியே காயட்டும். நாளைக்கு ஒரு வண்டிக்கு கேபின் வேலை இருக்குது, ஓனர் தாராபுரத்துக்காரர். இந்தப் பூவப் போடட்டுமான்னு கேட்டுப் பாக்கறேன்.

பல்லடம்_தறி | திங்கள் காலை 6:40

அக்கா சூப்பர். பொட்டிய கவுத்து வெச்சீங்களா?